மாமா இறக்கிய குதிரை

என் அக்காவின் கணவர் தொப்பூர் கணவாயில் வருடக்கணக்காக லாரி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் டிவியில் ஆடிக்கொண்டிருந்த கேமைப் பார்க்க உட்கார்ந்தார். மந்திரவாதிகளும் டிராகன்களும் திரிகிற பெரிய உலகம் அது; எங்கு வேண்டுமானாலும் போகலாம். நான் வழக்கம்போல் மலையுச்சியிலிருந்து குதிரையோடு குதித்தேன். குதிரை செத்துப்போனது.

"எறக்கத்துல இப்படியா வருவ மாப்ள? குடு இங்க" என்று மாமா கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார்.

புதுக் குதிரையைப் பாதையின் இடப்பக்கமாகவே நடைவேகத்தில் இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. பாதி வழியில் ஒரு டிராகன் நெருப்பைக் கக்கியபடி எதிரே வந்தது.

"வாள எடுங்க மாமா!" என்று கத்தினேன்.

"லோடு லாரி மாதிரி வருது. அதால நிக்க முடியாது, நாமதான் ஒதுங்கணும்" என்றவர், குதிரையைப் பாறை மறைவில் நிறுத்தினார். டிராகன் எங்களைக் கவனிக்காமலே கடந்துபோனது.

அடிவாரம் சேர ஒரு மணி நேரம் ஆனது. குதிரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை மாதத்தில் எனக்கு ஒருமுறையும் அப்படி வாய்த்ததில்லை, பொறாமையாகத்தான் இருந்தது. மாமாவோ திரையை உற்றுப் பார்த்து முகம் சுளித்தார்.

"இவ்ளோ நீள ரோட்டுல ஒரு டீக்கடைகூட இல்லியே! என்னா ஊரு மாப்ள இது?"