எறும்புக்குப் பயந்து குடித்த ஆவாரம்பூ

எனக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, எறும்பு. வெள்ளைக்காரன் போய் ஓரிரு வருஷம் இருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு வெல்லக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கவலைப்படுவதற்கு அதுவே அதிகம். வேலை விட்டு வந்ததும் புறக்கடை மூலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, அங்கேயே கால் கழுவுவேன். ஒருநாள் அந்த மூலையில் எறும்பு மொய்த்திருந்தது. அப்படி மொய்த்தால் நீரிழிவு என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று அன்றே எண்ணிப் பார்த்தேன். கூட்டம் கம்மிதான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போனால் உண்மை தெரிந்துவிடுமே! என் மனைவி ரயில்பாதை மேட்டில் தானாக வளர்ந்த ஆவாரம்பூவைப் பறித்து, நிழலில் உலர்த்தி, டீக்குப் பதில் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அதுவரை அது அவள் பயற்றமாவோடு தேய்த்துக் குளிக்கிற பூ.

"குடிய்யா. செத்தாலும் மொகம் பளபளன்னு இருக்கும்" என்றாள்.

என் நிலைமையைப் பார்த்து மச்சான், அதாவது அவள் தம்பி, மனம் உருகினான். உருகியதை உடனே வியாபாரமாக வார்த்தான்.

"மாமா, ஒன்ன மாரி பயந்தாங்கொள்ளி ஊர்ல எத்தினி பேரு கீறான்! பொட்லம் போட்டு வித்தா டீக்கடைக்காரன்லாம் ஓடிப்பூடுவான்."

"தானா மொளைக்கிற செடி மச்சான். அத்த எவன் பயிர் பண்ணுவான்?"

"எவனும் பண்ல இல்ல? அதான் நான் பண்றேன்."

சடையங்குப்பத்தில் நிலம் பிடித்தான். பள்ளமான இடம், தண்ணீர்ப் பஞ்சமே வராது என்று பெருமை வேறு. பாத்தி கட்டி, விதை ஊன்றி, எருப் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினான். கல்லிலும் உப்புக்காற்றிலும் கேட்பாரில்லாமல் வளர்கிற செடிக்குப் புது மாப்பிள்ளை உபசாரம். அது மஞ்சளித்து நோஞ்சானாக நின்றது. இன்னும் ஊற்றினான். சும்மா கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்று ரயில்பாதை மேட்டுச் செடிகளையெல்லாம் வெட்டியும் போட்டான். வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவான்.

"த பாரு, எங்க மாமா. இந்தப் பூவாலதான் உசுரோட கீறாரு."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எப்போருந்து இப்டி கீறாரு?" என்பார்கள்.

எறும்பு மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஐப்பசி மழையில் தோட்டம் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தது. வடிந்தபோது மிஞ்சியது குச்சிகள். அதே மழையில் வெல்லக் கிடங்கின் கூரை ஒழுக, என்னைத் தோல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பூ இல்லை, உயிர் போகப் போகிறது. அங்கே பார்த்தால் தோல் பதனிட ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்திருக்கிறது. அதைக் கொதிக்கவைத்தால் ஆகுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"யோவ், அது செத்த மாட்டுக்குய்யா. ஒனக்கு இன்னும் டைம் கீது."

பத்து நாளில் எறும்பு மாயமானது. என் மனைவி மூலையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"வெல்லத்த மெதிச்ச கால தெனம் இங்க கழுவி ஊத்தினா, எறும்பு வராம ஆனையா வரும்?"

சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. மச்சானிடம் சொன்னேன். தோட்டத்தைப் பறிகொடுத்தவன், முகம் மலர்ந்துவிட்டான்.

"பூ இல்லாமலே கொணமாயிடுச்சா? அப்போ பூ இருந்தா இன்னா ஆயிருக்கும், மாமா!"

மறுநாளே விதை தேடிப் போனான். நான் தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தேன்: தோல் கிடங்குக்குப் போனதிலிருந்து அந்த மூலையில் ஈ மொய்க்கிறதே, அது என்ன வியாதி?