இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கிய கோடை

அந்தக் கையுறையின் கட்டைவிரல் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் என் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை எழுதியவன் நான்தான். மண்ணிறத் தோல். பந்து விழுந்து விழுந்து உள்ளங்கை கறுத்திருந்தது. மணிக்கட்டு வார் அறுந்துபோக அதைச் சப்பாத்து நாடாவால் கட்டியிருந்தேன். எண்பதுகளின் நடுவில், நாடுவிட்டு வந்து ஸ்காபரோ நகரில் யன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது, அங்கிருந்த பேஸ்போல் அணிக்காக எனக்குத் தந்தது அது. அந்த இடத்தை விட்டுப் போன நாளில் என்னிடம் திருப்பிக் கேட்ட ஒரே பொருளும் அதுதான். கேட்டவர் அண்ணை.

அண்ணை என் கூடப் பிறந்தவர் அல்ல. எங்களுக்கு முன்னரே வந்து லீட் ஹாண்ட், அதாவது தொழிலாளருக்குத் தலையாள், ஆகியிருந்த யாழ்ப்பாணத்தவர். அங்கிருந்த பத்துப் பன்னிரண்டு தமிழருக்கும் அவர் அண்ணை. ஆங்கிலத்தில் என்ன கடுதாசி வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். கண்ணாடியைப் போட்டு வாய்க்குள் முணுமுணுத்து வாசித்துவிட்டு, "பயப்பிட ஒண்டுமில்லை, கையெழுத்தை வையும்" என்பார். வைப்போம். எங்களில் இரண்டு மூன்று பேருக்கு அவரைவிட நன்றாகவே ஆங்கிலம் தெரியும். ஆனாலும் அவர் வாசித்ததை மறுபடி வாசிப்பது அவரை அவமதிப்பது என்று நினைத்தோம். அந்த மடத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

அணியைத் தொடங்கியவர் எங்களை மேற்பார்த்த போர்மன், பேஸ்போல் பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரர். முதல் ஆட்டத்தில் அண்ணையையும் இறக்கினார். அண்ணை பந்தை நன்றாகத்தான் அடித்தார். அடித்தவர் மட்டையைப் போடாமல் அதையும் தூக்கிக்கொண்டு ஓடி, முதலாம் பேஸில் மட்டையின் நுனியால் கோடு தொட்டு நிமிர்ந்து பார்த்தார். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும்; கிரிக்கெட் ஆடி வளர்ந்த கால் அப்படித்தான் ஓடும். இரண்டு பக்கமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதன்பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை. போர்மனுக்குப் பக்கத்தில் நின்று அணியை நடத்தத் தொடங்கினார். அந்தக் கோடையில் கோப்பையை எடுத்தால் அந்தச் சிரிப்பு மறந்துபோகும் என்று நம்பினார் போலும்.

பந்தெறிய என்னையும் என் சினேகிதனையும் பிடித்தார்கள். ஊரில் பள்ளிக்கூட அணியிலிருந்து என்னைக் கழித்ததே முழங்கையை மடக்கி எறிகிறான் என்றுதான். அங்கே களவு என்றது இங்கே கெட்டித்தனமாயிற்று. சினேகிதன் மட்டக்களப்பான். என்னைவிட வேகமாக எறிவான், என்னைவிடக் குறைவாகப் பேசுவான். மனைவியையும் தவழ்கிற வயதில் ஒரு பெண்குழந்தையையும் ஊரில் விட்டு வந்திருந்தான். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். நிரந்தர வேலையில் இருக்கிறான் என்று தொழிற்சாலை தரும் கடிதம்தான் அவனுக்கு எல்லாம். அந்த வேலை நிலைத்தால் குடும்பம் வரும், போனால் வராது. இது அண்ணைக்குத் தெரியும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவர்தான்.

அந்த ஆடி மாதம் சாப்பாட்டு அறையில் ஒரே கதைதான். நகரத்துப் பெரிய அணிக்கு ஓங்கி அடிக்க ஆளில்லை. இளம் பந்தெறிகாரர் இருவரை வேறோர் அணிக்குக் கொடுத்து ஓர் அடிகாரனை வாங்கலாமா என்று வானொலியில் நாள் முழுவதும் வாதாடி அடிபட்டார்கள். நாங்களும் இடியப்பப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அடிபட்டோம். "அவனுகள் இன்னும் வளர்ந்து வருவானுகள்தானே, கொஞ்சம் பொறுத்தா என்ன?" என்றான் சினேகிதன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டு பேரையும் குடுத்துத் துலைக்க வேண்டியதுதானே. நாளைக்குத் தோள் கழண்டால் சதத்துக்கு உதவாங்கள்" என்றேன். அண்ணை என்னை ரசித்துப் பார்த்தார். "அடிக்கிறவன் கிடைக்கிறது அருமை. எறியிறவன் வருசா வருசம் முளைப்பான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் இருவரையும் அழைத்து ஒரு கடுதாசியை நீட்டினார். அதே முதலாளிக்கு மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. அங்கே எங்களை மாற்றுகிறார்களாம். "சம்பளம் அதேதான். பயப்பிட ஒண்டுமில்லை" என்று வாசித்துச் சொன்னார். கையெழுத்து வைத்தோம். அன்று மாலை பொருட்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று நினைத்து நின்றேன். "கிளவுஸை வைச்சிட்டுப் போம், அது இஞ்சத்தைய சாமான்" என்றார். கொடுத்தேன். அடுத்த நாள் மார்க்கத்திலிருந்து ஓர் உயரமான ஆள் எங்கள் இடத்துக்கு வந்தான். அந்தத் தொழிற்சாலை அணியின் அடிகாரன் அவன்.

அண்ணை வாசிக்காமல் விட்டது ஒரேயொரு வரி. புதிய இடத்தில் எங்கள் சேவைக்காலம் முதல் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும், பழைய வருடங்கள் கணக்கில் வராது என்பது அது. ஆள் குறைக்கும்போது கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே போவான். புரட்டாதியில் வேலை குறைந்தது. நாங்கள் இருவரும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியே வந்தோம். சினேகிதனின் கடிதமும் அத்தோடு போயிற்று.

அடுத்த நாள் இறுதி ஆட்டம். போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உயரமானவன் கடைசி அடியில் பந்தை மரங்களுக்கு அப்பால் அனுப்பினான், கோப்பை வந்தது. போர்மன் என்னைக் கண்டு வந்து முதுகில் தட்டி, உங்கள் ஆள்தான் இரண்டு பெயரையும் தந்தார், நல்ல மாற்று என்றார். அவர் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. நான் அண்ணையிடம் போனேன்.

"அந்த வரியை ஏன் அண்ணை வாசிக்கேல்லை?"

"வாசிச்சிருந்தால் கையெழுத்து வைச்சிருப்பீரோ?"

"அவன்ர மனுசி பிள்ளையை யோசிச்சுப் பாத்தீங்களோ?"

"குடுத்துத் துலைக்கச் சொன்னது நீர்தானே?" என்றார். பிறகு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று, "எறியிறவன் கிழமைக்குக் கிழமை பிளேனில வந்து இறங்கிறான்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவரை மட்டையோடு ஓடியவர் என்று அதன்பிறகு யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

வேறொரு நிரந்தர வேலை கிடைத்த பிறகு, சினேகிதனின் குடும்பம் மூன்று வருடம் பிந்தி வந்தது. விமானநிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அவன் குந்தியிருந்து கையை நீட்ட, மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த அங்கிள் ஏன் அழுறார்?" என்று கேட்டாள். சாப்பாட்டு அறையில் நான் அவிழ்த்துவிட்ட வாய்வீச்சு அப்போது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவன் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

அண்ணைக்கு இப்போது பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்காது. ஸ்காபரோவிலேயே வோபர்ன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். நல்ல மனத்தோடு போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவர் எப்படிக் கிடக்கிறார் என்று பார்க்கத்தான் போனேன். தொலைக்காட்சியில் பேஸ்போல். யன்னல் ஓரத்தில், சப்பாத்து நாடா கட்டிய அதே கையுறை. மார்க்கர் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் வாசிக்கலாம். எடுத்துக் கையில் போட்டேன். அளவு சரியாகவே இருந்தது.

"உதில ஆரின்ர பேர் எழுதியிருக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

எழுத்தை உற்றுப் பார்த்தார். "ஆரோ ஒரு பெடியன். எங்களோட நிண்டவன்" என்றார். பிறகு தொலைக்காட்சியைக் காட்டி, "இந்த முறையும் ரெண்டு இளம் பெடியளைக் குடுத்து அடிக்கிறவன் ஒருத்தனை எடுக்கப் போறாங்களாம். குடுக்கலாமோ?" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேலாக இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் மனம் நோகிற மாதிரிச் செய்து வைத்த பதில். நான் யாரென்று தெரியாத ஆளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? "உங்களுக்குத் தெரியாததே அண்ணை?" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். கையுறை என் கையிலேயே இருந்தது. என்னுடையதுதானே, கொண்டுபோவோம் என்று கதவடிக்கு வந்துவிட்டேன்.

"தம்பி" என்று பின்னால் குரல் கேட்டது. வார்த்தை இழுபட்டாலும் தெளிவாகவே சொன்னார். "கிளவுஸை வைச்சிட்டுப் போம். அது இஞ்சத்தைய சாமான்."

திரும்பிப் போய் யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.