சக்கரத்தில் அசைந்த காந்தாரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அவரைச் சந்தித்தேன். நான் மிருதங்கம், அவர் கீபோர்டு. ஒல்லியான மனிதர். பேசும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

கச்சேரிக்கு முன், தானே தாளம் போடும் ரிதம் பாக்ஸில் டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது ஓடுனா நான் வாசிக்க மாட்டனுங்க."

"நிறுத்திப்போடறனுங்க. ஒரு நிமிஷம் மட்டும் கேளுங்க."

அந்தத் தாளத்தின் மேலேயே தோடி வாசித்தார். அப்போதுதான் அந்த இடது கையைப் பார்த்தேன். நடுவில் மூன்று விரல்கள் இல்லை. கட்டைவிரலால் கீபோர்டின் ஓரத்திலிருந்த, ஸ்வரத்தை வளைக்கும் சிறு சக்கரத்தை உருட்டினார். காந்தாரம் வீணையில் அசைவதுபோலவே அசைந்தது. ஆடவைக்கும் தாளத்தின் மேல் அது அழுதது. முடித்ததும், சொன்னபடியே பெட்டியை நிறுத்தினார்.

"வீணை வாசிச்சவருங்களா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருசமுங்க. பனியன் கம்பெனில கட்டிங் மெசின்ல விரல் போயிருச்சு. அப்பறம் ஊட்டுல வீணையப் பார்க்கவே முடியலீங்க. ஒரு நாள் கடையில இந்தச் சக்கரத்த உருட்டிப் பார்த்தனுங்க. அங்கயே நின்னு அழுதுட்டனுங்க."

கூட்டம் வந்து உட்கார்ந்தது. ரிதம் பாக்ஸைத் தொடாமல் அவர் எனக்காகக் காத்திருந்தார். நானே கையை நீட்டி அதன் பொத்தானை அழுத்தினேன்.