மயிலத்தில் வண்டி நின்றால் ஓர் அடி

"23.6.2010, புதன். மாலை பாசஞ்சர். ஒன்பது குழி, 31 அடி. அவருடையது 33. திண்டிவனம் வந்துவிட்டது, மூடிக் கொடுத்தேன்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்.

அவர் என்னோடு ரயிலில் போய்வந்த நண்பர். 1993இல் மாவட்டம் பிரிந்தபோது இருவரும் விழுப்புரத்துக்கு மாற்றலானோம். வேறு வேறு அலுவலகம். வீடு இருவருக்கும் திண்டிவனம். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஒரு நாளில் நான் பேசிய பேச்சில் முக்கால்வாசி அந்தப் பெட்டியில், எதிர் இருக்கையில் இருந்த அவரோடுதான்.

2009 கடைசியில் குவைத்திலிருந்து வந்த மச்சான் அவருக்கு ஒரு கோல்ஃப் விளையாட்டுக் கருவி கொடுத்தார். கையடக்கமானது, புத்தகம் போலத் திறக்கும். கீழ்த்திரையில் பிளாஸ்டிக் குச்சியால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் பந்து பறக்கும். கோடு கோணினால் பந்தும் கோணும். ஒன்பது குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. ஓடுகிற ரயிலில் நேர்கோடு ஏது? தூர அடிகளை ஓட்டத்திலேயே அடித்துவிட்டு, குழிக்கு அருகே உருட்டும் அடிகளை முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி நிற்கும் இடங்களுக்கு மிச்சம் வைப்போம். காலையில் அவர் ஆட்டம், மாலையில் என்னுடையது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர் எட்டிப் பார்ப்பார். "இன்னா சார், இன்னும் உள்ள போவலியா? நான் ரெண்டு கூடை வித்துட்டேன்."

"வண்டி நிக்கட்டும்ப்பா, போவும்," என்பார் நண்பர்.

அந்தப் புதனுக்கு மறுநாள் காலை கருவியைத் திறந்தேன். சிறந்த ஆட்டங்களின் பட்டியலில் உச்சியில் அவருடைய 33தான் இருந்தது.

"நேத்து ஆட்டம் இல்லியே சார்."

"இல்லியா? ராத்திரி பூரா கரண்ட் இல்ல. காலைல பாத்தா செத்துக் கெடந்துச்சு. இப்பதான் கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கினு வர்றேன்."

"சார்ஜ் போனா என் பேரு மட்டும் போவுமா? உங்க பேரு நிக்குதே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் அழிச்சிட்டேன்றீங்களா?"

நான் கருவியை மூடி வைத்தேன். விழுப்புரம் வரை கருவி இருக்கையில் கிடந்தது. மறுநாள் அவர் வேறு பெட்டியில் ஏறினார். அடுத்த ஆண்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர் இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் புத்தகம் படித்தேன்.

ஓய்வு பெற்றபின், 2016இல், சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே கருவி, அதே விளையாட்டோடு கிடைத்தது. ஆடாத மேசை, நேரான கோடு. மூன்றாம் நாளே 32 வந்தது. காட்ட ஆளில்லை. பிறகு ஒரு நாள் ஒன்பதாம் குழி முடிந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். கருவியை மூடி வைத்தவன் மறந்துபோனேன். எடுத்தபோது சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. ஏற்றிப் பார்த்தேன். பழைய கணக்கெல்லாம் அப்படியே இருந்தது. கடைசி ஆட்டம் மட்டும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வரும் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட வேண்டும். தொட்டால்தான் பட்டியலில் ஏறும். மற்ற நாட்களில் கை தானாகத் தொட்டிருக்கிறது. அந்தப் புதன்கிழமை, இறங்கும் கூட்டத்தில், நான் தொடவில்லை. மூடிக் கொடுத்தேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இருந்தும் மூன்று முறை அதேபோல் மூடி, அணையவிட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஆட்டம் அழிந்தது.

நாலாம் நாள் திண்டிவனத்தில் இருந்த அவர் பழைய வீட்டுக்குப் போனேன். வேறொரு அம்மா கதவைத் திறந்தார்.

"அவரா? வீட்டை வித்துட்டுப் போய்ட்டாருங்க. பொம்மையார்பாளையத்துல பொண்ணோட இருக்காருன்னு சொன்னாங்க. நாங்க பாக்கல. நீங்க சொந்தமா?"

"கூட ரயில்ல வந்தவன்," என்றேன்.

அதன்பின் ஒரு முறை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டக்குப்பம் வரை போனேன். அங்கிருந்து பொம்மையார்பாளையம் சில நிமிட தூரம்தான். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். அவர் பொம்மையார்பாளையத்தில் இருக்கிறார் என்பது நான் கேள்விப்பட்டது மட்டுமே. இதுவரை சரிபார்க்கவில்லை.