நாத்தனார் சொன்ன ‘இல்லை’

என் நாத்தனார் இருக்கிற இடத்தில் வேறு யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, “என்ன வேலை பாக்கறீங்க?” என்று என் அப்பா மாப்பிள்ளையைத்தான் கேட்டார். “டயர் கடைல” என்று பதில் சொன்னது நாத்தனார். என் வீட்டுக்காரர் கடையில் டயர் கழற்றுவார், அக்கா முன்னால் தலையாட்டுவார். நேரில் அவளை ‘அண்ணி’, ‘வாங்க’, ‘போங்க’ என்றுதான் கூப்பிடுவேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால் இங்கே மட்டும் ‘அவள்’.

அவளைக் குறை சொல்லவும் மனசு வராது. அம்மா முன்பே போய்விட, அப்பாவும் கிடங்கில் மூட்டை தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். தம்பியை வளர்த்தது அவள். புருஷன் விட்டுப் போன பிறகு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, ஜன்னல் திரை தைத்தே மகளையும் ஆளாக்கினாள். வீடு முழுக்க அடுத்தவர் வீட்டுத் திரைகள் தொங்கும். அவள் ஜன்னலில் மட்டும் பழைய புடவை.

என் வீட்டுக்காரர் கண்ணிமையில் மஞ்சளாகச் சின்னச் சின்னத் தடிப்பு இருந்தது. கண் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கொலஸ்ட்ரால் தாறுமாறாக இருந்தது. அக்காவுக்கும் அதே கதை. இரண்டு பேரும் ஊதினால் பறக்கிற உடம்பு! “எண்ணெயைக் குறைங்க” என்று எதிர்வீட்டுக்காரி புத்தி சொன்னாள். சாப்பாட்டால் வந்ததல்ல, அப்பா வழியில் பிறக்கும்போதே வந்தது, ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும் என்றார் டாக்டர். பிள்ளைகளுக்கும் பார்த்துவிடச் சொன்னார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாத்தனார் மகளுக்கு? “பாக்கலாம், இப்ப என்ன அவசரம்” என்று தள்ளிக்கொண்டே போனாள். தான் போடும் மாத்திரையைப் பற்றி மகள் கேட்டால், அது சத்து மாத்திரை என்பாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் வியாதிப் பேச்சு எடுக்கக்கூடாது என்று எங்களுக்கும் வாய்ப்பூட்டு.

நல்ல இடம் ஒன்று கூடிவந்தது. அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு இருமல், காய்ச்சல், தொண்டையும் கட்டிப்போய்விட்டது. நான் வேலைக்குப் போயிருந்ததால் அக்காதான் கிளினிக்குக் கூட்டிப் போனாள். சின்ன கிளினிக், அடுத்த ஆளும் டாக்டர் அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் இருந்தது மாப்பிள்ளையின் அம்மா.

“வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறாரா?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

“இல்லைங்க. எங்க குடும்பத்துல யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது” என்றிருக்கிறாள் அக்கா. கேட்டது ஒன்று, சொன்னது இரண்டு.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். இவர் அதையும் சாப்பிட்டார், கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சாப்பிட்டார். இருமல் அடங்கியது, தொடையும் தோளும் வலிக்க ஆரம்பித்தன. “டயர் தூக்கினா வலிக்காம என்ன பண்ணும்?” என்று அக்கா தைலம் தேய்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போனது. பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“இந்த ரெண்டு மாத்திரையும் சேரக்கூடாதும்மா” என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. “சதை கரைஞ்சு கிட்னியைப் பாதிக்குது. இது தெரிஞ்சிருந்தா வேற ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பாங்க, இல்ல இருமல் மாத்திரை முடியற வரைக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. யாரும் கேக்கலையா?”

“கேட்டிருப்பாங்க. எனக்குத்தான் சொல்லத் தோணலை போல” என்றார் படுத்திருந்தவர்.

நாத்தனார் வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். “அவன் இல்லம்மா, நான்தான் இல்லைன்னு சொன்னேன். அந்தம்மா உக்காந்திருந்தாங்க” என்று நடந்ததை எல்லாம் சொன்னாள்.

“உங்க பொண்ணு கல்யாணத்துக்கு என் தாலியை அடகு வெச்சீங்களா அண்ணி?” என்றேன். கேட்டிருக்கக்கூடாதுதான். ஆனால் கேட்டுவிட்டேன்.

குளுக்கோஸ் பாட்டில் மாற்றி மாற்றி ஏறி, சிறுநீர் பழைய நிறத்துக்கு வந்தது. கிட்னி தப்பித்தது. “இனிமே அந்த மாத்திரையே வேணாம் டாக்டர்” என்றார் இவர்.

“அப்படி விட்டா உங்கப்பா போன வழிதான். உடம்பு தேறட்டும், உங்களுக்கு ஒத்துக்கறதா பாத்துத் தரேன். நீங்களா நிறுத்தவும் கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்.”

டாக்டரம்மா போனதும் நாத்தனார் தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்குக் காது கேக்கும்க்கா” என்றார் இவர். “நீ சொன்னது அன்னிக்கே கேட்டுச்சு. அக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்.” இவரைத் திட்டுவதா, அவளைத் திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் நாத்தனார் மகள் சாப்பாட்டுப் பையோடு கதவருகில் நிற்பதைப் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

“தாத்தாவுக்கு, மாமாவுக்கு, உனக்கு. அப்ப எனக்கும் இருக்காம்மா?”

“தெரியலடி. பாக்கப் பயந்துட்டேன். தெரிஞ்சு போச்சுன்னா வரவங்ககிட்ட மறைக்கணுமேன்னு...”

“கல்யாணம் நடக்கணும்னு பாத்தே. நான் உயிரோட இருக்கணும்னு பாக்கலையேம்மா.”

 நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார் போலிருக்கிறது.

“அன்னிக்கு கிளினிக்ல பொய் சொன்னேங்க” என்றாள். “எங்க குடும்பத்துல வியாதி இருக்கு. பொண்ணுக்கு இருக்கான்னு இப்பதான் பாக்கப் போறோம். அவ மேல எந்தத் தப்பும் இல்லைங்க, அவளுக்கு எதுவுமே தெரியாது.”

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ தெரியாது. நாத்தனார் போனை வைத்தாள். மகளின் கையைப் பிடிக்கப் போனாள். மகளோ தன் கையை இழுத்துக்கொண்டு, ரத்தம் எடுக்கிற இடம் எது என்று என்னைக் கேட்டாள்.