மாமாவின் ஐம்பத்தாறு

எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லாத இரண்டு விஷயங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. ஒன்று, பங்கர். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி மூடிய பங்கர் ஒன்று இருந்தது. குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் அதற்குள் இறங்கிவிடுவோம். மற்றது, ஐம்பத்தாறு. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரர்களின் தோளில் தொங்கிய துவக்குக்கு ரி-ஐம்பத்தாறு என்று பெயர், சுருக்கமாக ஐம்பத்தாறு என்று பள்ளிக்கூட வான் வண்டியில் வரும் ஒருத்தி சொல்லித் தந்திருந்தாள். கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருப்பது மட்டும் தெரியாது. வந்த வினையெல்லாம் அதால்தான்.

அப்பா ஊரில் மாட்டுப்பட்டிருந்தார், சண்டையால் பாதை பூட்டு. அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றில் அம்மாவின் தம்பியோடு இருந்தோம். வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை மாமாதான். பொலிஸ் பதிவு, கேஸ் சிலிண்டர், என் கணக்குப் பாடம் எல்லாம் அவர் தலையில். அவர் வேலை செய்த கம்பனியின் சிங்கள முதலாளி அவரில் என்னத்தைக் கண்டாரோ, ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு விளையாடக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார். அம்மாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை.

"பெரிய பெரிய ஆமிக்காரர் வாற இடமாம். உனக்கேன் உந்த வேலை? எங்கட பாட்டுக்கு இருந்தாக் காணாதே?" என்பார்.

மாமா "சரி அக்கா, சரி" என்றுவிட்டுப் போவார். அதனால் வீட்டில் அந்த விளையாட்டின் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் லண்டனிலிருந்து மாமாவின் சிநேகிதர் தொலைபேசியில் எடுத்தார். நான் மேசைக்குக் கீழே கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். மாமா என்னைக் கவனிக்கவில்லை.

"அறுபது எனக்குச் சரிவராது மச்சான். நான் மேலையிருந்து கொத்திற ஆள். ஐம்பத்தாறை அனுப்பு. பங்கருக்குள்ள நிண்டு அடிக்க அதுதான் திறம். அடிப்பக்கம் அகலமானதாப் பாத்து எடு. இஞ்ச மழைக்கு மண் பொதபொதெண்டு கிடக்கு, மெல்லிசெண்டா உள்ளுக்கை இறங்கிப்போடும். அக்காவுக்கு மூச்சு விட்டிடாதை."

இப்போது எனக்கு அது முழுதாக விளங்கும். வெட்ஜ் என்கிற அந்தக் கோலின் முகம் எத்தனை பாகை மல்லாந்திருக்கிறது என்பதுதான் ஐம்பத்தாறு. பங்கர் என்பது புல்வெளிக்கு நடுவில் வேண்டுமென்றே வெட்டி வைத்த மணல் குழி. மாமா போலக் கோலை நெட்டுக்குத்தாக இறக்குகிறவர்களுக்கும், கொழும்பு மழையில் ஊறிய தரைக்கும், அடிப்பக்கம் அகலமான வெட்ஜ்தான் பொருந்தும். மண்ணில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்து இறுகிய தரையில் தடவினாற்போல் அடிப்பவருக்கு மெல்லிய அடி போதும். மனிதர் தன் கைவாகையும் நிலத்தையும் யோசித்து, ஒழுங்காகத்தான் தெரிந்தெடுத்திருக்கிறார்.

அன்று மேசைக்குக் கீழே இருந்தவளுக்கு விளங்கியது வேறு. மாமா ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குப் போய்விட்டார். பங்கருக்குள் நின்று அடிக்க லண்டனிலிருந்து துவக்கு வருகிறது. ஆனால் அப்படியென்றால் ஏன் முதலாளியோடு விளையாடுகிறார்? ஏன் எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருகிறார்? எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. யாரிடம் கேட்பது? கொழும்புக்கு வந்த நாளிலிருந்து அம்மா எனக்குப் படிப்பித்த பாடம் ஒன்றே ஒன்று: ஆர் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. ஆகவே நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, லண்டனிலிருந்து கலியாண வீட்டுக்கு வந்த ஒருவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீளமான பார்சல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே விசுக் விசுக்கென்று காற்றை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதைப் பழையபடி கடதாசியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்ததைச் சாவித் துவாரத்தால் பார்த்தேன்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. பொலிஸ்காரர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா அடையாள அட்டைகளையும் பதிவுத் துண்டையும் தேடி அலுமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். மாமா அவசரமாகச் சேட்டு மாட்டினார். நான் அவருடைய கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து பார்சலை இழுத்தெடுத்தேன். குளியலறையில் தண்ணீர் வெட்டுக்காக நிரப்பி வைக்கும் நீலப் பீப்பா இருந்தது. அதற்குள் பார்சலைச் செங்குத்தாக இறக்கி, அது மிதந்து வராமல் தோள்வரை கையை விட்டு அமத்திப் பிடித்தேன். கடதாசி ஊறி அது அடியில் தங்கியதும் மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பார்சல் கட்டிலுக்குக் கீழே கிடந்திருந்தால் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரு பொலிஸ்காரர் பீப்பா மூடியைத் திறந்து கையை விட்டார். ஊறிய கடதாசி கிழிந்து விழ, இரும்பு நுனியோடு ஒரு கோல் வந்தது. துவக்கில் ஒரு துண்டு என்று நினைத்தேன். அவர் இரும்பைத் துடைத்து, அதில் வெட்டியிருந்ததை வாசித்தார். "பனஸ் ஹய." சிங்களத்தில் நூறுவரை எண்ணத் தெரிந்ததால் ஐம்பத்தாறு என்று விளங்கியது.

அவர்களோடு வந்த பெரிய அதிகாரிக்குக் கோல்ஃப் தெரிந்திருந்தது. அவருடைய சந்தேகமே அங்கேதான் தொடங்கியது.

"இது விளையாட்டுச் சாமான். தண்ணிக்குள்ள ஏன் ஒளிச்சது? யார் ஒளிச்சது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். விளையாட்டுச் சாமான் என்றது நக்கல் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமாவின் வாய் "எனக்குத் தெரியா" என்று தொடங்கியது. அப்போது அவருடைய பார்வை என்னிடம் வந்தது. என் சட்டையின் ஒரு கை மட்டும் தோள்வரை நனைந்து, முழங்கையால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"நான்தான் வைச்சனான் சேர். துருப்பிடிக்குமோ எண்டு பாக்க."

அதிகாரி நம்பவில்லை. நம்பக்கூடிய கதையா அது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா படியில் குந்தியிருந்து அழுதார். முதலாளி அங்கும் இங்கும் அலைந்து கையெழுத்து வைத்து, நான்காம் நாள்தான் மாமா வீட்டுக்கு வந்தார். ஒரு பக்கம் சரிந்து நடந்தார். அம்மா சுடுதண்ணீர் வைக்கப் போன நேரம் என் பக்கத்தில் வந்து, சிரமப்பட்டுக் குனிந்து, காதுக்குள் சொன்னார்.

"நீ ஒண்டும் செய்யேல்லை. விளங்கினதே? ஆரிட்டையும் ஒண்டும் சொல்லாதை."

நான் தலையாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து அவரிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர் வாங்கி வந்த சொக்லேட்டைத் தொடவில்லை. வருஷக் கடைசியில் அவர் கனடாவுக்குப் போனபோது கீழே நின்ற வான் வண்டியடிக்குப் போய் வழியனுப்பவுமில்லை. அவரை நினைத்தாலே கோபம் வந்தது. வீட்டுக்குள் துவக்கு வைத்திருந்ததை எல்லோருக்கும் முன்னால் அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டாரே, பிறகு ஆரிட்டையும் சொல்லாதை என்று என்னையும் அதற்குக் கூட்டுச் சேர்க்கிறாரே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.