ஞாயிற்றுக்கிழமை பார்த்தது

மைசூரு லான்சர்ஸ் கிரிக்கெட் அணிக்குப் பதினோரு வயது. அதற்குள் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது. முதலில் ரிசார்ட் நடத்துகிற ஒருவர் வாங்கினார். அப்போது சட்டை நீலம். பிறகு ஊதுபத்திக் கம்பெனிக்குக் கைமாறிச் சந்தன நிறமானது. நடுவில் இரண்டு வருடம் மாநில லீக்கே நடக்கவில்லை. சட்டைகள் கிடங்கில் மூட்டையாகக் கிடந்தன. இப்போது பெங்களூரில் அடுக்குமாடி கட்டுகிறவர்களின் கையில் அது கரும்பச்சை. சின்னத்தில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த குதிரையை வாஸ்து பார்த்து வலப்பக்கம் திருப்பினார்கள். ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் ஏலத்தில் வந்து ஏலத்தில் போனார்கள். கோப்பை வென்றது ஒரே முறை. அன்று ஆடியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. ஆனாலும் பார்வையாளர் வரிசைகளில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு அது அதே அணிதான். எது அதே என்று கேட்டால் யாரும் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது.

முதல் வருடத்திலிருந்து விடாமல் இருந்தவர் மகேந்திரன் ஒருவர்தான். அவர் ஆட்டக்காரர் இல்லை. வலைப்பயிற்சியில் பந்து எறிகிறவர். நீளக் கரண்டி போன்ற பிளாஸ்டிக் கோலில் பந்தைச் செருகி வீசினால், வேகப்பந்து வீச்சாளரின் பந்து போலவே போய் விழும். ஒரு நாளைக்கு நானூறு பந்து. வீச்சாளர்களுக்குக் களைப்பு வரும், காயம் வரும். மகேந்திரனுக்குத் தோள் வலி மட்டும்தான் வரும். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

ஊர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி. இருபத்தொரு வயதில் மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்தவர், ஞாயிறுகளில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடினார். எல்லைக்கோட்டிலிருந்து அவர் எறிந்தால் மூன்றுக்கு இரண்டு முறை ஸ்டம்ப் விழும். யாரோ பார்த்து அழைத்துப் போனார்கள். அன்றிலிருந்து சீசனுக்கு ஐந்து வாரம் அணியில். மீதி நாள் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில்.

இத்தனை ஆண்டுகள் எறிந்ததில் அவருக்கு ஒரு பார்வை வந்திருந்தது. எந்த மட்டையாளரின் முழங்கை எப்போது இறுகும், யாருடைய கால் எந்தப் பந்துக்குப் பயப்படும் என்பதெல்லாம் எறிகிற இடத்திலிருந்து தெரிந்துவிடும். வீடியோவில் அது அவ்வளவு தெரியாது.

மஞ்சுநாத் நான்கு வருடம் முன்பு லான்சர்ஸுக்கு மட்டையாளனாக வந்தான். நகரத்துத் தமிழ்க் குடும்பம். பேச்சு பாதித் தமிழ், பாதிக் கன்னடம். சீசன் முடிந்ததும், "ஞாயித்துக்கிழமை கொஞ்சம் போடுறீங்களா மகேண்ணா?" என்று கேட்டான். சரஸ்வதிபுரத்தில் ஒரு பள்ளி மைதானம். கூலி கிடையாது, முடிந்ததும் இட்லியும் காபியும். அணியின் வலையில் ஆளுக்கு எட்டு நிமிடம்தான். நின்ற இடத்தில் நின்று அடிக்க வேண்டும். ஞாயிறுகளில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே மகேந்திரன் அவனைக் கால்காப்புகளோடு நான்கு முறை இரண்டிரண்டு ரன் ஓடவைத்து, மூச்சு வாங்கும்போது எறிந்தார். அப்போதுதான் தெரிந்தது: களைத்தால் அவன் தலை வலப்பக்கம் சாய்கிறது, காலடியில் லெக் ஸ்டம்புக்கு வரும் பந்து அவன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இரண்டு வருடம் அதைச் சரிசெய்யப் பாடுபட்டார்கள். பாதி சரியானது.

இந்த ஆண்டு ஏலத்தில் மஞ்சுநாத்தைத் தும்கூரு அணி எடுத்துக்கொண்டது.

லான்சர்ஸுக்குப் புதுப் பயிற்சியாளராகச் சேலத்துக்காரர் சந்திரன் வந்திருந்தார். தும்கூருவோடு ஆடுவதற்கு முந்தைய நாள், பயிற்சி முடிந்ததும் மகேந்திரனை அணியின் அறைக்குக் கூப்பிட்டார்.

"மஞ்சுநாத்துக்கு நாலு வருஷம் எறிஞ்சிருக்கீங்க. அவன்கிட்ட என்ன ஓட்டை?"

மகேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே, வலையில் தான் கண்டதையெல்லாம் சொன்னார். குட்டையாக உடம்பை நோக்கி வரும் பந்தில் அவசரப்படுவான். மெதுவான பந்தை முன்கூட்டியே அடித்துவிடுவான்.

"இது வீடியோலயே இருக்கே. வேற?"

"வேற இருக்குங்க. ஆனா அதைச் சொல்லக்கூடாதுங்க."

"ஏன்?"

"வலையில பாத்தது டீமுக்குச் சொந்தமுங்க. ஞாயித்துக்கிழமை பாத்தது அவனுக்குச் சொந்தம். அதை நான் எடுத்துத் தர முடியாதுங்க."

யோசித்து வகுத்த நியாயம் அது. சொல்லும்போது அவருக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சந்திரன் கோபப்படவில்லை, சிரித்தார்.

"நல்ல கொள்கைங்க. விடுங்க. ஞாயித்துக்கிழமைலயும் இதே மாதிரிதானே எறிவீங்க?"

"இதே மாதிரிதானுங்க. முன்னாடி நாலு ரெண்டு ஓட வைப்பேன், அவ்வளவுதான்."

சந்திரன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மகேந்திரன் கதவைத் தாண்டும்போது உள்ளே உதவியாளரிடம் அவர் சொல்வது கேட்டது: "நாளைக்கு மஞ்சுநாத் வந்தா மிட்விக்கெட் ஆளை எல்லைக்கோட்டுக்கே தள்ளுங்க. ரெண்டு ரெண்டா ஓடட்டும். நாலஞ்சு ஓடினதும் காலடியில போடச் சொல்லுங்க. மூச்சு வாங்கறப்ப எவனுக்கும் அதுதான் கஷ்டம். என்ன ஆகுதுன்னு பாப்போம்."

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவர் மனைவி பூவாத்தாள் கார்மெண்ட்ஸிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"பொட்டி எங்க இருக்குதுன்னு சொல்ல மாட்டேன்னுட்டு, சாவியைக் கொண்டுபோயிக் கையில குடுத்திருக்கீங்க மாமா."

"நான் ஓட வெக்கறதைத்தான புள்ள சொன்னேன்!"

"அவரு கோச்சுங்க. உங்களாட்ட நெனச்சீங்களா? போனைப் போட்டு அந்தப் பையனுக்குச் சொல்லீருங்க. மனசுல வெச்சுட்டு எதுக்கு உருண்டுட்டுக் கெடக்கோணும்?"

மஞ்சுநாத்தின் எண்ணைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டு பார்த்திருந்தார். அணியின் திட்டத்தை எதிரணியிடம் சொல்லக்கூடாது என்று வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறார். அது மட்டுமில்லை. அவர் கேட்டது அணியின் அறையில். அங்கே கேட்டது அணிக்குச் சொந்தம். மத்தியானம் அவரே வகுத்த நியாயம்தான்; இப்போது அது அவருக்கு உதவவில்லை. போனைக் கவிழ்த்துவைத்தார்.

"கூப்பிடலீங்களா?"

"முடியாது புள்ள."

"என்ன நாயமோ போங்க. ரெண்டு பக்கமும் உங்களையே குத்துது." சொல்லிவிட்டு அவர் தட்டை மூடிவைத்தாள்.

ஆட்டம் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு. மஞ்சுநாத் ஏழாவது ஓவரில் இறங்கினான். மிட்விக்கெட்டில் இடம் திறந்திருந்தது. தட்டிவிட்டு இரண்டு ஓடினான். இன்னொரு இரண்டு. மறுபடியும். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. ஐந்தாவது முறை ஓடி முடித்து மட்டையை ஊன்றி நின்றபோது, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஐஸ்பெட்டி அருகில் இருந்த மகேந்திரனுக்கு அவன் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. தலையைப் பார்க்க அவர் விரும்பவில்லை, பார்த்தார். அடுத்த பந்து லெக் ஸ்டம்பின் அடியைப் பெயர்த்தது. கரும்பச்சைச் சட்டைகள் ஓடிப்போய் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. சந்திரன் திரும்பி மகேந்திரனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

லான்சர்ஸ் பதினெட்டு ரன்னில் வென்றது. இரு அணிகளும் வரிசையாகக் கைகுலுக்கின. மஞ்சுநாத் மகேந்திரன் முன்னால் வந்ததும் கையைப் பிடித்தபடி கேட்டான்.

"நீங்க சொன்னீங்களாண்ணா?"

"ஓட வைப்பேன்னு மட்டுந்தாண்டா சொன்னேன்."

"அது போதுமே." பின்னால் ஆட்கள் நின்றார்கள். "ஹோக்லி, போகட்டும் விடுங்கண்ணா, சும்மா இருங்க," என்று அடுத்த கைக்கு நகர்ந்தான். கோபமாகச் சொன்னானா, ஆறுதலாகவா என்பது மகேந்திரனுக்குப் பிடிபடவில்லை.

லான்சர்ஸ் அந்த ஆண்டு அரையிறுதியில் தோற்றது. சந்திரன் அடுத்த சீசனுக்கும் மகேந்திரன் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வருடம் முன்பாக இருந்திருந்தால் பூவாத்தாளிடம் அதை இரண்டு முறை சொல்லியிருப்பார். இப்போது ஒரு முறை சொன்னார்.

சீசன் முடிந்த மூன்றாம் ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே கோலையும் பந்துப் பையையும் எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனார். ஏழரை மணிவரை யாரும் இல்லை. ஏழே முக்காலுக்கு மஞ்சுநாத்தின் ஸ்கூட்டர் வந்தது.

"காத்திருக்கீங்களா? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீ வருவியோ மாட்டியோன்னு இருந்துச்சு."

அவன் காப்புகளைக் கட்டிக்கொண்டான். மகேந்திரன் பழக்கத்தில் சொன்னார்: "நாலு ரெண்டு ஓடிட்டு வா."

மஞ்சுநாத் ஓடவில்லை. மட்டையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அடுத்த வருஷம் எந்த டீம்ண்ணா நீங்க?"

"இதே டீம்தாண்டா."

"நான் எங்கன்னு ஏலத்துலதான் தெரியும்." மட்டையைத் தரையில் தட்டினான். "அப்ப ஓட்டம் வேண்டாண்ணா. சும்மா போடுங்க. அதை நானே வேற எடத்துல பாத்துக்கறேன்."

அதில் வன்மம் இல்லை. யார் கேட்டாலும் நியாயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டிய பேச்சு. மகேந்திரன் தலையாட்டினார்; கோலில் பந்தைச் செருகினார்.

ஒன்றரை மணி நேரம் எறிந்தார். களைக்காத மஞ்சுநாத் எல்லாப் பந்தையும் மட்டையின் நடுவில் வாங்கினான். காலடியில் வந்ததையும் சுத்தமாக அடித்தான். நடைப்பயிற்சிக்கு வந்த இருவர் நின்று கை தட்டினார்கள். தலை ஒரு முறைகூடச் சாயவில்லை. அவனைப் பற்றி மகேந்திரன் அன்று புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

பிறகு இருவரும் இட்லி சாப்பிடப் போனார்கள்.